சிபி பருந்துக்கும் கறி கொடுத்தான்

"மனுசனுக்கே ஆஸ்பத்திரியில படுக்க இடமில்லை. இதுல காக்காய்க்கும் பருந்துக்கும் ஆஸ்பத்திரி ஒரு கேடா?"

இந்தக் கேள்வியை மதுரையில் நான் கேட்காத இடமில்லை. காலை நடைப்பயிற்சியில் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன், பென்ஷனர் சங்கக் கூட்டத்திலும் கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர்கள். கும்பாபிஷேகத்தில் கோபுரத்துக்கு மேலே கருடன் வட்டமிட்டால் கண்ணில் நீர் மல்கக் கன்னத்தில் போட்டுக்கொள்பவர்கள். அதே கருடன் சிறகு ஒடிந்து தெருவில் கிடந்தால், "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பு படாமல் ஒதுங்கிப் போவார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

நான் கருவூலத்துறையில் முப்பத்து நான்கு வருஷம் பில் பாஸ் பண்ணியவன். எதையும் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பார்த்தே பழக்கப்பட்டவன். உணர்ச்சி வசப்பட்டுப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடிபட்ட காட்டுப் பறவைகளை எடுத்து வைத்தியம் பார்த்துத் திரும்பப் பறக்கவிடும் ஆட்களைப் பற்றி இங்கே எழுதப் போகிறேன். அவர்களை வேலையற்றவர்கள் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை. அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சட்டைப்பையில் கை விடாதவர்களோடு அதைவிடப் பெரிய சண்டை.

முதலில் டில்லிக்குப் போவோம். அங்கே செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சௌக் முனையில், சமணர் கோயில் வளாகத்தில் ஒரு பறவை ஆஸ்பத்திரி இருக்கிறது. நூறு வருஷத்தை நெருங்கப் போகிறது. புறா, கிளி, மைனா என்று எதைக் கொண்டுபோனாலும் காசு வாங்காமல் வைத்தியம் பார்ப்பார்கள். நல்ல தர்மம், அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாமிசம் தின்னும் பறவையை உள்நோயாளியாகச் சேர்ப்பதில்லை என்பது அவர்களுடைய நெடுநாள் வழக்கம். கறி வாங்கி ஊட்டுவது அவர்கள் கொள்கைக்கு ஆகாது. சரி, அது அவர்கள் நம்பிக்கை. பருந்து எங்கே போகும்?

அந்தப் பதில் இரண்டு அண்ணன் தம்பிகளிடமிருந்து வந்தது. பழைய டில்லிக்காரர்களான நதீம் ஷெசாத், முகமது சவூத். சோப்புத் திரவம் ஊற்றி வைக்கும் பெட்டிகள் தயாரிக்கும் சின்னத் தொழில் அவர்களுக்கு. பையன்களாக இருந்தபோது அடிபட்ட கள்ளப்பருந்து ஒன்றைப் பறவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கறி தின்னும் பறவை என்று சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த நாள் அவர்கள் மனதில் தங்கிவிட்டது. 2003 வாக்கில் தாங்களே எடுத்து வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். வீட்டின் கீழ்த்தளத்தில் தொழிலும் நடந்தது, வைத்தியமும் நடந்தது, மொட்டைமாடியில் கூண்டு. உடற்பயிற்சிப் பத்திரிகைகளில் தசை, தசைநார், எலும்பு பற்றிப் படித்ததை வைத்துச் சிறகைத் தைக்கக் கற்றுக்கொண்டார்கள். 2010-இல் 'வைல்ட்லைஃப் ரெஸ்க்யூ' என்று ஓர் அமைப்பாகப் பதிவு செய்தார்கள். இதுவரை அவர்கள் கைவழியே போன பருந்து, கழுகு, ஆந்தைகள் 20,000-க்கும் மேலே. அவர்களைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த 'ஆல் தட் ப்ரீத்ஸ்' ஆவணப்படம் 2022-இல் சன்டான்ஸ் விழாவிலும் கான் விழாவிலும் பரிசு வாங்கியது, 2023-இல் ஆஸ்கர் விருதுக்கான இறுதிப் பட்டியல்வரை போனது. உலகமே கைதட்டியது. ஆனால் கறிக்கடைக்காரரிடம் கைதட்டலைக் கொடுத்து எலும்பில்லாத கறி வாங்க முடியாது. வெளிநாட்டு நன்கொடை வாங்க அனுமதி கேட்டு அவர்கள் எத்தனை முறை விண்ணப்பித்தார்கள், எத்தனை முறை திரும்பி வந்தது என்பதெல்லாம் அந்தப் படத்திலேயே இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம சிபிச் சக்கரவர்த்தி நினைவுக்கு வந்தான். சோழர்களைச் செம்பியன் என்று சொல்வதே சிபியின் வழி வந்தவர்கள் என்பதால்தான். சிபி கதையை நம் எல்லாருக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். புறாவுக்காகத் தொடைச்சதையை அறுத்துக் கொடுத்தான் என்று பரீட்சையில் எழுதினோம். ஒரு சின்ன விஷயத்தை மட்டும் வாத்தியாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அறுத்த சதையை அவன் யாருக்குக் கொடுத்தான்? புறாவுக்கா? புறா சதை தின்னாது. பருந்துக்குத்தானே கொடுத்தான்! "எனக்கும் பசிக்கிறது, என் குஞ்சுகளும் பட்டினி" என்று பருந்து சொன்னது. "நீ கறி தின்கிறவன், பாவி, ஓடிப் போ" என்று சிபி விரட்டவில்லை. அது கேட்டதில் உள்ள நியாயத்தை ஒத்துக்கொண்டான். தராசு வைத்து எடைக்கு எடை கொடுத்தான். புறாவின் உயிரும் போகக்கூடாது, பருந்தின் வயிறும் காயக்கூடாது. நாம் கதையில் பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டோம். அந்த மீதியை டில்லியில் இரண்டு முஸ்லிம் சகோதரர்கள் இருபது வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

"டில்லி பெரிய ஊர், நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு நம் பக்கத்துக் கதை ஒன்று. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளம். 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். அங்கே கூழைக்கடாவும் செங்கால் நாரையும் ஊருக்குள்ளே வீட்டு மரங்களில் கூடு கட்டும். காற்றடித்தால் குஞ்சு கீழே விழும். விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்துப் பறக்கவிட்டவர் அந்த ஊர் பால்பாண்டி. மனைவியும் கூட நின்றார். அவர் கால்நடை மருத்துவம் படித்தவர் இல்லை. எந்தக் குஞ்சுக்கு எந்த அளவு மீன், எத்தனை வேளை என்பதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர். நமக்கு இன்னும் பக்கத்தில், திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி. அதன் ஓரத்தில் உள்ள கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, கண்மாயில் குஞ்சு பொரிக்கும் பறவை பயந்துவிடும் என்று. பிள்ளைகள் கையில் மத்தாப்பு இல்லாமல் தீபாவளி கொண்டாடுகிற ஊர் அது. வேலையற்றவர்களா அவர்கள்? வானம் பார்த்த விவசாயிகள் ஐயா!

இப்போது மதுரைக்கு வருவோம்.

கிளியைக் கையில் வைத்திருக்கும் அம்மனின் ஊர் இது. கோயிலுக்குள் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒன்று உண்டு. முன்பு அங்கே கூண்டில் கிளிகள் இருந்தன. இப்போது பெயர் மட்டும் நிற்கிறது. கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மயில் அதே சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அனுமதியில்லாமல் பிடித்து வைத்த காட்டுயிர் அரசாங்கத்தின் சொத்து. அப்படி ஓர் உயிர் உங்கள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அதிகாரிக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். நல்ல சட்டம்தான். குறத்தி கூடையில் கௌதாரி விற்ற காலத்தைப் பார்த்தவன் நான், இந்தச் சட்டத்தின் அருமை எனக்குத் தெரியும்.

என் கேள்வி வேறு. சொத்து என்று சொல்லிவிட்டால் பராமரிப்பும் உண்டல்லவா? கருவூலத்தில் ஓர் ஓட்டை நாற்காலிக்குக்கூட இருப்புப் பதிவேடு உண்டு. உடைந்தால் பழுது பார்க்கக் கணக்குத் தலைப்பு உண்டு. அரசாங்கச் சொத்தான ஒரு பருந்து மாஞ்சா நூலில் சிக்கினால் எந்தப் பதிவேட்டில் வரும்? யார் பழுது பார்ப்பார்கள்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் மே மாத லீவில் எங்கள் விளாங்குடித் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். கேபிள் வயரில் ஒரு கள்ளப்பருந்து தலைகீழாகத் தொங்கியது. பட்டம் விடுகிற நைலான் நூல் சிறகைச் சுற்றி அறுத்திருந்தது. கேபிள்காரப் பையன் ஏணி போட்டு இறக்கினான். பக்கத்துத் தெருவில் ஒரு கல்லூரி மாணவன், பாம்பு வந்தாலும் அணில் விழுந்தாலும் ஓடி வருகிறவன், ஒரு துண்டைப் போட்டு மூடி அட்டைப்பெட்டியில் வைத்தான். நானும் அவனுமாக ஆட்டோ பிடித்தோம். முதலில் போன மருத்துவமனையில், "இது ஃபாரஸ்ட் கேஸ் சார், நாங்க தொட்டா பிரச்சினை" என்றார்கள். அலுவலகம் ஒன்றுக்குப் போனால் அன்று விடுமுறை, இருந்த ஒருவர் நம்பர் எழுதி வாங்கிக்கொண்டார். மூன்றாவது இடத்தில் ஒரு டாக்டர் பார்த்தார். தங்கமான மனுஷன். "நாய், மாடு பார்த்த கை தம்பி இது. பருந்துக்கு மயக்க மருந்து எவ்வளவு கொடுக்கணும்னு எனக்குப் பழக்கமில்லை" என்று உண்மையைச் சொன்னார். முடிந்ததைச் செய்தார். அதற்குள் ஆறு மணி நேரம் போய்விட்டது. சிறகுக்கு ரத்தம் போகிற வழி அறுந்து தசை காய்ந்துவிட்டது. அந்தப் பையன் தன் செலவில் கோழி ஈரல் வாங்கிப் பொடியாக நறுக்கி ஊட்டினான். மூன்றாம் நாள் அது செத்தது.

அந்த ஆறு மணி நேரத்தில் நாங்கள் சந்தித்த ஒருவரும் கல்நெஞ்சக்காரர் இல்லை. இதுதான் முக்கியம். இரக்கம் இருந்தது; ஏற்பாடு இல்லை. இரக்கம் மட்டும் இருந்தால் போதும் என்று நினைக்கிறோமே, அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பறவை வைத்தியம் ஒரு தனிக் கலை. பாலூட்டிக்குப் பார்க்கிற வைத்தியத்தைக் குறைத்துப் பார்த்தால் பறவை வைத்தியம் ஆகிவிடாது. பறவையின் பெரிய எலும்புகள் உள்ளே கூடாக இருக்கும், சிலவற்றில் மூச்சுக் காற்றே போய்வரும். ஒடிந்தால் இரண்டு மூன்று வாரத்தில் சேர்ந்துவிடும், நம்மைவிட வேகம். ஆனால் கோணலாகச் சேர்ந்துவிட்டால் ஆயுளுக்கும் பறக்க முடியாது. அதனால் முதல் நாளே நேராக வைத்துக் கட்ட வேண்டும். காயம் ஆறியதும் வேலை முடிந்ததா? இல்லை. நீளமான வலைக்கூண்டில் விட்டு, பறக்கிறதா, திரும்புகிறதா, சரியாக உட்காருகிறதா என்று வாரக்கணக்கில் பார்க்க வேண்டும். இறகு வெட்டுப்பட்டிருந்தால் அடுத்த இறகு முளைக்கும்வரை மாதக்கணக்கில் சோறு போட வேண்டும். அதற்குள் மனிதனுக்குப் பழகிவிடவும் கூடாது. பெயர் வைத்துக் கொஞ்சினால் நாளைக்கு அது ஆளைக் கண்டு பயப்படாமல் வந்து உட்காரும், யாராவது கல்லால் அடிப்பார்கள். கையால் ஊட்ட வேண்டும், ஆனால் ஒட்டக் கூடாது. பெற்ற பிள்ளைகளிடமே நம்மால் முடியாத காரியம் இது. அதைச் செய்கிறவர்களைத்தான் வேலையற்றவர்கள் என்கிறோம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு இரக்கம் கூடுதல், அறிவு குறைவு. மரத்தடியில் மைனாக்குஞ்சு தத்திக்கொண்டிருந்தால் உடனே வீட்டுக்கு எடுத்து வந்து பாலும் பிரெட்டும் ஊட்டுவார்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவார்கள். ஒரு போட்டோ, ஒரு வாட்ஸப் ஸ்டேட்டஸ். இரண்டாம் நாள் குஞ்சு செத்திருக்கும், அதற்கு ஸ்டேட்டஸ் இருக்காது. ஐயா, இறகு முளைத்துத் தத்துகிற குஞ்சு தொலைந்த குஞ்சு இல்லை, பறக்கப் பழகுகிற குஞ்சு. தாய் பக்கத்து மரத்தில்தான் இருக்கும். பூனை, நாய் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். இறகே முளைக்காத குஞ்சு என்றால் கூட்டில் திரும்ப வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. பறவைக்குப் பால் செரிக்காது. அதன் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே இருப்பதால், நீங்கள் ஊற்றுகிற தண்ணீர் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகும். அப்புறம், கூண்டுப் பறவையைக் காசு கொடுத்து வாங்கிப் பறக்கவிட்டுப் புண்ணியம் தேடுகிறவர்கள். நீங்கள் ஒன்றை விடுவித்தால், பிடிக்கிறவன் உங்களை நம்பி நாலைப் பிடிக்கிறான். வாடிக்கையாளருக்குப் புண்ணியம் எங்கிருந்து வரும்?

அடிபட்ட பறவைக்கு முதலில் செய்ய வேண்டியது மிக எளிது. ஒரு துணியைப் போட்டு மூடு. வெளிச்சம் மறைந்தால் அதன் பயம் அடங்கும். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வை. சத்தமில்லாத இடத்தில் வை. தீனியும் தண்ணீரும் வலிந்து கொடுக்காதே. தெரிந்தவரிடம் சீக்கிரம் கொண்டுபோ. பொதினி மலைத் தலைவன் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று கேட்டு, "மயிலுக்கு எதற்குப் போர்வை" என்று நம்மில் பலர் சிரித்திருக்கிறோம். பழனிக்காரன் செய்ததில் தப்பில்லை பாருங்கள், பறவையைக் காப்பாற்றுகிறவர்களின் முதல் கருவியே ஒரு துணிதான்.

இப்போது முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். மனுசனுக்கே வழியில்லாதபோது பறவைக்கு எதற்கு?

கணக்காகவே சொல்கிறேன். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஊர்ப் புறத்தில் செத்த மாட்டைச் சுற்றிப் பிணந்தின்னிக் கழுகுகள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே இருப்பீர்கள். இன்று உங்கள் பேரப்பிள்ளைக்குக் காட்ட முடியுமா? 1990-களில் தொடங்கி இந்தியாவின் முக்கியக் கழுகினங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்தன. ஏன் என்று பல வருஷம் யாருக்கும் தெரியவில்லை. செத்த கழுகுகளைப் பொறுக்கி எடுத்து, அறுத்துப் பார்த்து, மாட்டுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்ளோஃபெனாக் கழுகின் சிறுநீரகத்தைக் கொல்கிறது என்று 2004-இல் வெளியிட்டார்கள். 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. கழுகு போனதால் என்ன ஆயிற்று? செத்த மாடு அழுகிக் கிடந்தது, தண்ணீர் கெட்டது, தெருநாய் பெருகியது. 2000 முதல் 2005 வரையிலான ஐந்து வருஷத்தில் இதனால் சுமார் 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்று பொருளாதார அறிஞர்கள் இருவர் மதிப்பிட்டு, 2024-இல் அமெரிக்காவின் முதன்மையான பொருளாதார ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். மனுசனா, பறவையா என்று கேட்டீர்களே. அந்த 5 லட்சம் பேரும் மனுசங்கதான்.

"ஒரு பருந்தைக் காப்பாற்றினால் இனம் காப்பாற்றப்பட்டுவிடுமா?" என்று படித்தவர்கள் கேட்பார்கள். சில விஞ்ஞானிகளே கேட்கிறார்கள். பெருகிக் கிடக்கும் பறவைக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு கண்மாயைக் காப்பாற்றலாமே என்கிறார்கள். மதிக்க வேண்டிய கேள்வி. கண்மாயைக் காப்பாற்றத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, பருந்து தானாக வந்து சாகவில்லை. நூல் நாம் விட்டது, மின்கம்பி நாம் இழுத்தது, விஷம் நாம் வைத்தது. ரோட்டில் வண்டியை மோதியவன், "நாட்டில் 140 கோடிப் பேர் இருக்கிறார்கள், இவர் ஒருவர்தானே" என்று சொல்லிவிட்டுப் போகலாமா? இரண்டு, இப்படிப்பட்ட மையம் ஒரு நகரத்தின் பேரேடு. எந்த மாதம் எத்தனை பறவை எந்தக் காயத்தோடு வந்தது என்று நாலு வருஷம் எழுதி வைத்தால் போதும். எங்கே நூல், எங்கே விஷம், எங்கே கம்பி என்று ஊரின் நோய் தெரிந்துவிடும். குஜராத்தில் உத்தராயணப் பட்டத் திருவிழாவின்போது அடிபடும் பறவைகளுக்காக ஜனவரியில் பத்து நாள் அரசே 'கருணா அபியான்' என்று இயக்கம் நடத்துகிறது. மக்கள் வருஷா வருஷம் பறவையைத் தூக்கிக்கொண்டு வந்ததால்தானே அந்தத் தேவை கண்ணுக்குத் தெரிந்தது! 2017 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவை நாடு முழுவதும் தடை செய்தது. இந்தத் தடை நம் தெருக் கடைவரை வந்து சேர்ந்ததா என்று நீங்களே போய் விசாரித்துப் பாருங்கள்.

ஆபத்து வந்த பிறகு ஆள் தேட முடியாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. உடம்பெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் படத்தைப் பேப்பரில் பார்த்தோம். எண்ணெய் பட்ட இறகு தண்ணீரைத் தடுக்காது, குளிரில் பறவை சாகும். அலகால் கோதினால் எண்ணெய் வயிற்றுக்குள் போகும். அவற்றைப் பிடிப்பது, கழுவுவது, தேற்றுவது எல்லாம் பழகிய கை செய்கிற வேலை. தென்னாப்பிரிக்காவில் 1968-இல் அல்தியா வெஸ்ட்ஃபால் என்ற பெண்மணி இதற்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். எண்ணெய் பட்ட பென்குயின்களை வீட்டில் வைத்துத் தேற்றத் தொடங்கியவர் அவர். முப்பத்திரண்டு வருஷம் கழித்து, 2000-ஆம் வருஷம் 'ட்ரெஷர்' என்ற கப்பல் மூழ்கி எண்ணெய் கசிந்தது. அப்போது சுமார் 19,000 பென்குயின்களைக் கழுவித் தேற்றினார்கள், பெரும்பாலானவை உயிரோடு கடலுக்குத் திரும்பின. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் வந்தது உண்மை. வந்தவர்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்க, முப்பது வருஷம் தனியாக மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்ட ஒரு கூட்டம் இருந்தது என்பதும் உண்மை.

நமக்கு அரிட்டாபட்டி இருக்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 250 பறவையினங்கள், அதில் லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராஜாளி என மூன்று அரிய வேட்டைப் பறவைகள். டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றதும் மேலூர் பக்கத்து மக்கள் எல்லாரும் எழுந்தார்கள். 2025 ஜனவரியில் தல்லாகுளம்வரை நடந்தே வந்தார்கள். அதே மாதம் ஏலம் ரத்தானது. எனக்கு அந்த மக்களை நினைத்தால் பெருமை. ஆனால் மலையை மீட்ட நாம், அந்த மலையின் வல்லூறு ஒன்று நாளை நாலு வழிச்சாலையில் அடிபட்டு விழுந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று இன்னும் பேசவே இல்லை.

வயற்காட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மயில் விதையைத் தின்கிறது, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நஷ்டஈடு கேளுங்கள், நானும் உடன் வந்து மனு எழுதித் தருகிறேன். விஷம் வைக்காதீர்கள். விஷ நெல்லை மயில் மட்டுமா தின்கிறது? கூகை அலறினால் சாவு விழும் என்று கல்லெறிகிறீர்கள். நெல் வயலில் எலிக்காக ராத்திரி அது உட்காரக் குச்சி நட்டு வைப்பதும் நீங்கள்தான். ஒரே பறவை வயலில் வேலைக்காரன், வீட்டுக் கூரையில் எமனா? காக்காய் கதை இன்னும் வேடிக்கை. அமாவாசைக்கு அது நம் தாத்தா. சட்டப் புத்தகத்திலோ, 2023 ஏப்ரலில் திருத்தம் அமலுக்கு வரும்வரை, எலியோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தது. தாத்தாவை எந்தப் பட்டியலில் வைக்கிறோம் என்று திதி கொடுக்கும் யாரும் கேட்டதில்லை.

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. வெளிச்சம் குறைந்த, சத்தமில்லாத ஒரு அறை. பறக்கப் பழக நீளமாக ஒரு வலைக்கூண்டு. எக்ஸ்ரே எடுக்க ஒரு வழி. பறவை வைத்தியத்தில் பயிற்சி பெற்ற ஒரு கால்நடை மருத்துவர். ராத்திரி பத்து மணிக்கும் எடுக்கப்படும் ஒரு போன் நம்பர். எங்கள் தெருப் பையன் மாதிரித் தன் காசில் ஈரல் வாங்கி ஊட்டும் இளைஞர்களுக்கு ஓர் அடையாள அட்டை. அவர்கள் பறவையோடு போகும்போது குற்றவாளி மாதிரி விசாரிக்காமல் இருக்க அது வேண்டும். சட்டத்தில் இதற்கு இடமுண்டு. வேண்டியது யாராவது ஒரு கோப்பைத் திறப்பது. முதல் கோப்பு எவ்வளவு கஷ்டம், திறந்துவிட்டால் எவ்வளவு சுலபம் என்பது முப்பத்து நான்கு வருஷம் கோப்போடு வாழ்ந்த எனக்குத் தெரியும்.

பென்ஷனர் நண்பர்களே, உங்களைத்தான் கடைசியாகக் கேட்கிறேன். அன்னதானத்துக்குக் கொடுக்கிறோம், கோசாலைக்குக் கொடுக்கிறோம், கொடுங்கள். ஆனால் கறி வாங்கக் காசு என்றால் கை நடுங்குகிறது. சைவக்காரர்கள் நீங்கள் கறியைத் தொட வேண்டாம். கூண்டுக்கு வலை வாங்கிக் கொடுங்கள், மருந்து வாங்கிக் கொடுங்கள், ஆட்டோ சார்ஜ் கொடுங்கள். பறவை என்ன தின்ன வேண்டும் என்பதை அதைப் படைத்தவனிடம் விட்டுவிடுங்கள். பேரன் மாஞ்சா நூல் கேட்டால் பருத்தி நூல் வாங்கிக் கொடுங்கள். எலிக்குப் பசை அட்டை வைக்காதீர்கள், அதில் ஆந்தையும் ஒட்டிக்கொள்கிறது. பரணில் ஓர் அட்டைப்பெட்டியும் பழைய வேட்டித் துண்டும் எடுத்து வையுங்கள்.

ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில், வரும் திங்கட்கிழமை, மேலே சொன்னதை ஒன்றரைப் பக்க மனுவாகக் கொடுக்கப் போகிறேன். பத்து மணிக்கு வாசலில் நிற்பேன். வர முடிகிறவர்கள் வாருங்கள். மூட்டுவலிக்காரர்கள் வீட்டிலிருந்தே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஒற்றை ஆள் மனு கோப்பில் தூங்கும். ஐம்பது கையெழுத்து இருந்தால் அதைத் தூங்க வைக்கக் கொஞ்சம் சிரமப்படுவார்கள்.